பிகேஹெக்ஸில் ‘குளோன்’ எச்சரிக்கை வந்தால்: பெட்டியில் கிடக்கும் இரட்டைப் போகிமான்களைச் சரிசெய்ய முழுமையான வழிகாட்டி

போகிமான் கேமின் சேவ் ஃபைலை, அதைத் திருத்த உதவும் பிகேஹெக்ஸ் என்ற கணினி நிரலில் திறந்து, பிடித்த போகிமான்கள் சேர்ந்து கிடக்கும் பெட்டிகளை மொத்தமாகச் சோதிக்கும் பட்டனை ஒரு ஆர்வத்தில் அழுத்தியிருப்பீர்கள். நாற்பது ஐம்பது வரி வந்து கொட்டும். மூன்றாம் பெட்டியில் இருக்கும் டிட்டோவும் பத்தொன்பதாம் பெட்டியில் இருக்கும் டிட்டோவும் குளோன், அதாவது ஒன்றின் நகல் இன்னொன்று, இந்த ரேக்வேஸாவுக்கும் அந்த ரேக்வேஸாவுக்கும் ஒரே பிஐடி என்ற அடையாள எண், இப்படியே போகும். சரி, என்னதான் கோளாறு என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தால் இரண்டுக்கும், முறைப்படி கேமில் கிடைத்திருக்கக்கூடியதுதான் என்ற பச்சை டிக்தான் நிற்கும். தனியாகப் பார்த்தால் சுத்தம், ஜோடியாகப் பார்த்தால் வில்லங்கம்.

இந்த இடத்தில் பெரும்பாலானவர்கள் ரீரோல் பட்டனை அழுத்தி அந்த எண்ணை ஏதோ ஒரு புது எண்ணாக மாற்றிவிட்டு, எச்சரிக்கை போய்விட்டது என்று நிம்மதியாகிவிடுகிறார்கள். நானும் முதல் தடவை அதையேதான் செய்தேன். எமரால்டு என்ற பழைய கேமில் பிடித்து, டிஎஸ், த்ரீடிஎஸ் கருவிகளின் கேம்களுக்கு ஏறி ஏறி வந்த ஒரு பழைய போகிமானுக்கு ரீரோல் போட்டதும், அதுவரை பச்சையாக இருந்தது சிவப்பாகிவிட்டது. பல வருடம் கூடவே வந்த ஒன்றை இரண்டு நொடியில் கெடுத்துவிட்டேன், பேக்கப் இருந்ததால் தப்பித்தது.

எந்த எண்ணை மாற்றலாம், எதன் மேல் கையே வைக்கக்கூடாது என்பது அந்தப் போகிமான் எந்த கேமில், எப்படிப் பிறந்தது என்பதைப் பொறுத்தது. அது தெரியாமல் ரீரோல் பட்டன் பக்கமே போகாதீர்கள். பாதிக்கு மேற்பட்ட நேரங்களில் சரியான தீர்வு ரீரோலே இல்லை, ஒன்றை வைத்துக்கொண்டு இன்னொன்றை அழிப்பதுதான்.

எதை வைத்துக் குளோன் என்கிறது

ஒவ்வொரு போகிமானுக்கும் உள்ளே சில எண்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். முதலாவது பிஐடி, 32 பிட் எண், ரூபி-சஃபையர் காலத்திலிருந்து இருக்கிறது. இரண்டாவது என்க்ரிப்ஷன் கான்ஸ்டன்ட், சுருக்கமாக இசி, இதுவும் 32 பிட், 2013-இல் வந்த எக்ஸ்-ஒய்யிலிருந்து சேர்ந்தது. அப்புறம் ஆறு ஐவி, பிறவியிலேயே வரும் பலத்தைக் குறிக்கும் எண்கள், ஒவ்வொன்றும் 0 முதல் 31 வரை. பிடித்த டிரைனரின், அதாவது விளையாடியவரின் பெயர், அவருடைய ஐடி எண்ணான டிஐடி, ரகசிய ஐடியான எஸ்ஐடி. கடைசியாக, ஸ்விட்ச் கேம்களில் மட்டும், கேம்களுக்கு இடையே போகிமான்களை மாற்றிச் சேமிக்கும் போகிமான் ஹோம் என்ற ஆன்லைன் சேவைக்குள் ஒரு தடவை போய் வந்ததற்கு ஹோம் கொடுக்கிற டிராக்கர் எண்.

32 பிட் என்றால் 4,294,967,296 மதிப்புகள். ஸ்கார்லெட்-வயலெட் சேவில் 32 பெட்டி, பெட்டிக்கு 30, ஆக 960 இடம். அத்தனையும் நிரம்பியிருந்தாலும் அவற்றுக்குள் ஏதாவது இரண்டுக்கு இசி தற்செயலாக ஒத்துப்போவதற்கான வாய்ப்பு சுமார் 9,300-இல் ஒன்றுதான். அதுகூட எந்தெந்த இனம் என்று பார்க்காமல் போட்ட கணக்கு. இனமும் ஒன்று, பிஐடியும் ஒன்று, ஆறு ஐவியும் ஒன்று என்றால் தற்செயல் என்று சாதிக்க முடியாது. அதனால்தான் பிகேஹெக்ஸ் இனம், பிஐடி, ஐவி, ஃபார்ம் (உருவ வகை) நான்கும் ஒத்துப்போனால் நேராகக் குளோன் என்றே சொல்லிவிடுகிறது. இசி மட்டுமோ பிஐடி மட்டுமோ ஒத்துப்போனால் ‘ஷேரிங்’ என்று தனியாகச் சொல்லும். இந்த இரண்டு வகை வரிகளையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம், பின்னால் வேண்டியிருக்கும்.

கோல்டு-சில்வர் காலத்துப் போகிமானுக்கு பிஐடியே கிடையாது. ஐவி மாதிரியே டிவி என்று நான்கு எண்கள், மொத்தமே 16 பிட், அதாவது 65,536 சேர்க்கைகள். அந்தத் தலைமுறை சேவில் ஒரே இனத்தில் நிறைய பிடித்து வைத்திருந்தால் இரண்டு ஒத்துப்போவது அதிசயமில்லை. அங்கே வரும் எச்சரிக்கையை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

தொடங்கும் முன்

சேவ் ஃபைலை வெளியே எடுக்கும் வழி கருவிக்குக் கருவி மாறும். த்ரீடிஎஸ்ஸில் செக்பாயின்ட், ஸ்விட்ச்சில் ஜேகேஎஸ்வி மாதிரியான ஹோம்ப்ரூ (அதிகாரப்பூர்வமற்ற) நிரல்கள், பழைய கேம்பாய் கார்ட்ரிட்ஜுக்கு யுஎஸ்பியில் செருகும் ரீடர். ஸ்விட்ச்சில் ஹோம்ப்ரூ போடுவது நின்டெண்டோவின் விதிக்கு எதிரானது, கருவிக்கே ஆன்லைன் தடை விழலாம். அந்த ஆபத்து உங்களுடையது, தெரிந்தே இறங்குங்கள். த்ரீடிஎஸ், ஸ்விட்ச் சேவ்களில் நமக்கு வேண்டிய ஃபைலின் பெயர் பெரும்பாலும் ‘மெயின்’, பெயருக்குப் பின்னால் எக்ஸ்டென்ஷன் எதுவும் இருக்காது. அதைப் பார்த்து ஃபைல் கெட்டுவிட்டதோ என்று பயப்பட வேண்டாம்.

எடுத்த சேவ் ஃபோல்டரை அப்படியே இரண்டு இடத்தில் காப்பி செய்யுங்கள். ஒன்றுக்கு அன்றைய தேதியைப் பெயராக வைத்து, அதை இனி தொடுவதில்லை என்று முடிவெடுங்கள். பிகேஹெக்ஸே முதல் முறை திறக்கும்போது பேக்கப் ஃபோல்டர் உருவாக்கட்டுமா என்று கேட்கும், ஆமாம் சொல்லுங்கள். அதன் பிறகு திறக்கிற ஒவ்வொரு சேவையும் அது தானாக அங்கே ஒரு பிரதி எடுத்து வைக்கும். அது இருக்கிறதே என்று உங்கள் சொந்தக் காப்பியை விட்டுவிடாதீர்கள். பிகேஹெக்ஸ் ஃபோல்டரையே தூக்கி டெலீட் செய்துவிட்டுப் புது வெர்ஷன் போடும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு, பேக்கப்பும் அதோடு போய்விடும்.

புது வெர்ஷன் என்றதும் ஞாபகம் வருகிறது: சோதனையைத் தொடங்கும் முன் கடைசி வெர்ஷனைப் போட்டுக்கொள்ளுங்கள். பழைய வெர்ஷனுக்குப் புது கேம் அப்டேட்டில் வந்த போகிமானைத் தெரியாது, ஒன்றுமில்லாததற்கெல்லாம் சிவப்பு காட்டும்.

முதல் படி: சோதித்து, பட்டியலை எழுதிக்கொள்வது

சேவை இழுத்துப் பிகேஹெக்ஸ் ஜன்னலில் போடுங்கள். வலப்பக்கம் பெட்டி, பார்ட்டி (கூடவே கொண்டுபோகும் போகிமான்கள்) எல்லாம் வரும், அங்கேயே சேவ் சம்பந்தப்பட்ட தாவலில் எல்லாப் போகிமானையும் ஒரே மூச்சில் சரிபார்க்கும் பட்டன் இருக்கும். அழுத்தினால் எந்தப் பெட்டி, எந்த இடம், யாருக்கும் யாருக்கும் என்ன ஒத்துப்போகிறது என்று வரிவரியாக வரும். அதை நோட்பேடில் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். திருத்த ஆரம்பித்த பிறகு இடங்கள் மாறிவிடும், அப்போது முதல் பட்டியல் இல்லையென்றால் எது எதோடு ஜோடி என்றே தெரியாது.

எடிட்டரில் மூன்று விசைகள் ஞாபகம் இருக்கட்டும். கன்ட்ரோல் பிடித்து ஒரு போகிமானைக் கிளிக் செய்தால் அது இடப்பக்கம் திறக்கும். ஷிஃப்ட் பிடித்துக் கிளிக் செய்தால் இடப்பக்கம் இருப்பது அந்த இடத்தில் போய் உட்காரும். ஆல்ட் பிடித்துக் கிளிக் செய்தால் அந்த இடம் காலி. புதியவர்கள் சிக்கிக்கொள்வது இரண்டாவதில்தான். இடப்பக்கம் எண்ணை மாற்றிவிட்டு, பெட்டியில் திரும்ப வைக்காமலே அடுத்ததைத் திறந்துவிடுவார்கள். மாற்றியது எதுவும் சேவில் ஏறியிருக்காது, அப்புறம் ‘சரி செய்தேனே, மறுபடியும் காட்டுகிறதே’ என்று தலையைப் பிய்த்துக்கொள்வார்கள்.

இரண்டாம் படி: உண்மையிலேயே குளோன்தானா

பட்டியலில் இருப்பதெல்லாம் திருட்டு நகல் கிடையாது. இயல்பாகவே எண் ஒத்துப்போகிற சில இடங்கள் இருக்கின்றன, அவற்றை முதலில் கழித்துவிடுங்கள்.

நின்காடா லெவல் 20-இல் நின்ஜாஸ்காக மாறும்போது, பார்ட்டியில் காலி இடம் இருந்தால் ஷெடிஞ்ஜா என்று இன்னொன்று தானாக வந்து உட்காரும். அது நின்காடாவின் விவரங்களை நகலெடுத்துப் பிறப்பது, பிஐடியும் ஐவியும் ஒன்றாகவே இருக்கும். கேமே செய்கிற குளோன் இது. நின்ஜாஸ்க்-ஷெடிஞ்ஜா ஜோடி பட்டியலில் வந்தால் கையை எடுத்துவிட்டு நகருங்கள்.

கேமுக்குள்ளே கதாபாத்திரங்கள் மாற்றிக்கொடுக்கும் போகிமான்கள் இன்னொரு வகை. பழைய தலைமுறைகளில் அவற்றுக்குப் பெயர், ஐடி, ஐவி மட்டுமல்ல, பிஐடியும் முன்பே எழுதி வைத்தது. ரூபியை இரண்டு முறை விளையாடி முடித்து இரண்டிலிருந்தும் ஒரே சேவுக்குக் கொண்டுவந்தால் ஒத்துத்தான் போகும். நிகழ்ச்சிகளில் விநியோகித்தவற்றிலும் சிலவற்றுக்குப் பிஐடி நிலையானது. அதற்கு நல்ல உதாரணம், கொஞ்சம் வேறு மாதிரி, கொலோசியம் போனஸ் டிஸ்க்கில் கிடைத்த ஜிராச்சி. அதை உருவாக்கும் விதை எண், அதாவது மற்ற எண்களெல்லாம் பிறக்கும் தொடக்க எண், வெறும் 16 பிட், மொத்தமே 65,536 சாத்தியம். உலகத்தில் அதைவிட அதிகம் பேர் வாங்கியிருந்தால் யாரோ இருவரிடம் ஒரே ஜிராச்சி இருந்தே தீரும். ஆனால் டிரைனர் ஒருவரே, சேவும் ஒன்றே, அதே ஜிராச்சி இரண்டு என்றால் அந்தச் சாக்கு செல்லாது.

டிஐடி ஒத்துப்போகிறது, டிரைனர் பெயர் வேறு என்று ஒரு எச்சரிக்கையும் வரும். டிஐடி 16 பிட்தான், மாற்றிக்கொண்ட போகிமான் நிறைய இருக்கும் சேவில் இது நடக்கும். எஸ்ஐடியும் சேர்ந்து ஒத்துப்போகிறதா பாருங்கள். இரண்டும் ஒன்று, பெயர் மட்டும் வேறு என்றால்தான் யாரோ கைவைத்திருக்கிறார்கள்.

மூன்றாம் படி: எது அசல்

மிச்சமிருப்பது நிஜ நகல்கள். அவை எப்படி வந்தன என்று யோசித்தால் அசலைக் கண்டுபிடிப்பது சுலபம். கோல்டு-சில்வரில் பெட்டி மாற்றும்போது கேம் சேவ் ஆகும், அந்த நேரம் பார்த்துப் பவரை அணைத்தால் நகல் கிடைக்கும். நம்மில் பலர் சின்ன வயதில் செய்த வேலைதான். எமரால்டில் பேட்டில் டவர் வாசலில் பவரை அணைத்து அதையே செய்வார்கள். ஸ்கார்லெட்-வயலெட்டின் ஆரம்ப வெர்ஷன்களில் கொரைடான், மிரைடானை வைத்து ஒரு வழி இருந்தது, பிறகு அப்டேட்டில் அடைத்துவிட்டார்கள். இவற்றில் எதையும் நீங்கள் செய்யவில்லை என்றால், முன்பின் தெரியாதவரோடு மாற்றிக்கொள்ளும் வொண்டர் டிரேடிலோ சர்ப்ரைஸ் டிரேடிலோ வந்திருக்கும்.

நகலெடுத்த நொடி வரைக்கும் இரண்டுக்கும் வரலாறு ஒன்று. அதற்குப் பிறகு வாழ்ந்தது ஒன்றுதான். அதனால் பிடித்த தேதி, இடம், பந்து இதையெல்லாம் ஒப்பிட்டுப் பயனில்லை, எல்லாம் ஒத்தே இருக்கும். அனுபவப் புள்ளி, ஈவி (பயிற்சியில் சேரும் புள்ளி), ரிப்பன், நட்பு அளவு, கடைசியாகக் கையாண்ட டிரைனரின் பெயர், ஹோம் டிராக்கர், இவற்றைப் பாருங்கள். ஒன்று லெவல் 100, லீக் ரிப்பன் வாங்கியது, இன்னொன்று பிடித்த அன்று இருந்த அதே லெவலில் தூங்குகிறது என்றால் எதை வைத்துக்கொள்வது என்று நான் சொல்லத் தேவையில்லை. இரண்டும் ஒரு எழுத்துகூட மாறாமல் இருந்தால் எது அசல் என்ற கேள்விக்கே அர்த்தமில்லை, டிராக்கர் இருப்பதை வைத்துக்கொள்ளுங்கள், இரண்டுக்கும் இருந்தால் ஏதாவது ஒன்று.

முடிவு செய்த அசல்களையெல்லாம் முதல் பெட்டிக்கு நகர்த்திவிடுவது என் வழக்கம். இதற்கு ஒரு காரணம் இருக்கிறது, அடுத்த படியில் வரும்.

நான்காம் படி: அழிப்பது

ஒரே சேவில் ஒரு தடவைதான் கிடைக்கும் போகிமான் என்றால் அழிப்பதைத் தவிர நேர்மையான தீர்வு கிடையாது. எமரால்டில் ஸ்கை பில்லர் உச்சியில் லெவல் 70 ரேக்வேஸா ஒன்றே ஒன்று. இரண்டாவதன் பிஐடி, ஐவி இரண்டையும் கணக்காக மாற்றிப் பச்சை டிக் வாங்கிவிடலாம்தான். ஆனாலும் ஒரே டிரைனர், ஒரே ஐடி, இரண்டு ரேக்வேஸா. எண்களை எவ்வளவு அழகாக மாற்றினாலும் அது நடந்திருக்க முடியாது. பச்சை டிக் என்பது ‘இது தனியாக இருக்க முடியும்’ என்பதற்கான சான்று மட்டுமே. கேம் தொடக்கத்தில் கிடைக்கும் ஸ்டார்டர்களுக்கும், கேம் கதையில் பரிசாகக் கிடைப்பவற்றுக்கும் இதே நியாயம்தான்.

ஒன்றிரண்டு என்றால் ஆல்ட் கிளிக். நிறைய இருந்தால், பெட்டி மீது வலது கிளிக் செய்து வரும் மெனுவில் அழிக்கும் வகைகளுக்குள் குளோன்களை மட்டும் அழிக்கும் தேர்வு இருக்கிறது. அது முதலில் கண்ணில் படுவதை விட்டுவைத்து அடுத்தடுத்து வருவதை அழிக்கும். அசலை முதல் பெட்டிக்கு நகர்த்தச் சொன்னது இதற்குத்தான். அசல் பின்னால் கிடந்தால், லெவல் 100-ஐ அழித்துவிட்டுத் தூங்குமூஞ்சியை வைத்துக்கொள்ளும், அதற்கு இதெல்லாம் தெரியாது. ஷிஃப்ட் பிடித்துக்கொண்டு தேர்ந்தெடுத்தால் எல்லாப் பெட்டிக்கும் சேர்த்து நடக்கும். இரண்டு முறை யோசித்துவிட்டு அழுத்துங்கள். அழிக்கும் முன் கையில் வைத்திருக்கும் பொருளையும் பாருங்கள், மாஸ்டர் பாலைக் கையில் கொடுத்து நகலெடுத்தவர்கள் உண்டு, அது வேண்டாம் என்று நீங்கள் நினைக்கலாம், வேண்டும் என்றும் நினைக்கலாம்.

ஐந்தாம் படி: ரீரோல், எங்கே முடியும், எங்கே கூடாது

அழிக்க மனமில்லை, அது ஒரு காட்டுப் போகிமான் அல்லது முட்டையிலிருந்து வந்தது, எத்தனை வேண்டுமானாலும் கிடைக்கக்கூடியது என்றால் எண்ணை மாற்றி இரண்டாவதைத் தனிப் போகிமானாக்கலாம். பிறந்த கேம் எது என்று பாருங்கள். இப்போது எந்த சேவில் இருக்கிறது என்பது முக்கியமில்லை, பிடித்த கேம்தான் கணக்கு.

மூன்றாம், நான்காம் தலைமுறை, அதாவது ரூபியிலிருந்து ஹார்ட்கோல்டு-சோல்சில்வர் வரை: தொடாதீர்கள். அங்கே கேமுக்குள் ஒரு ரேண்டம் எண் இயந்திரம் ஒன்றன்பின் ஒன்றாக எண்களைத் துப்பிக்கொண்டே இருக்கும். காட்டில் ஒரு போகிமான் எதிரே வரும்போது அடுத்தடுத்து வரும் இரண்டு எண்கள் சேர்ந்து பிஐடி ஆகும், அதைத் தொடர்ந்து வருபவை ஐவி ஆகும். ஒரே சங்கிலியின் கண்ணிகள். பிஐடியை மட்டும் மாற்றினால் சங்கிலி அறுந்துவிடும், அந்த ஐவிக்கு அந்த பிஐடி வரவே முடியாது என்று பிகேஹெக்ஸ் கண்டுபிடித்துவிடும். நான் கெடுத்தது இப்படித்தான். போதாததற்கு அந்தக் காலத்தில் பிஐடிதான் எல்லாவற்றுக்கும் மூலம். அதை 25-ஆல் வகுத்து வரும் மீதிதான் நேச்சர் என்ற குணம், மீதி 3 என்றால் அடமன்ட், 15 என்றால் மாடஸ்ட். கடைசி எட்டு பிட்டை வைத்து ஆணா பெண்ணா என்பது. ஷைனியா (அபூர்வமான வேறு நிறம்) இல்லையா என்பதும், ஸ்பிண்டாவின் முகத்தில் புள்ளி எங்கே விழும் என்பதும், அனோனின் எழுத்து எது என்பதும் மூன்றாம் தலைமுறையில் அதிலிருந்துதான். முட்டையிலிருந்து வந்தவற்றுக்குச் சங்கிலி கொஞ்சம் தளர்வு, ஆனாலும் நேச்சர் முதலானவை மாறிவிடும். இவ்வளவு பாடுபடுவதற்கு, விட்டுவிடுங்கள், ஒன்றை அழியுங்கள்.

இந்தத் தலைமுறைகளிலிருந்தும் ஐந்திலிருந்தும் ஆறுக்கு மேல் கொண்டுவந்தவற்றுக்கு இன்னொரு விதியும் உண்டு. அவற்றுக்குப் பிறக்கும்போது இசி கிடையாது, புதிய கேமுக்குக் கொண்டுவரும்போது பிஐடியையே இசியாக எடுத்துக்கொள்ளும். ஆக இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். ஷைனி கணக்கு புதிய தலைமுறையில் மாறியதால் சில அபூர்வ நேரங்களில் பிஐடியின் ஒரு பிட் மட்டும் புரண்டிருக்கும், மற்றபடி ஒன்றே. ‘இசி ஷேரிங்தானே, இசியை மட்டும் மாற்றுவோம்’ என்று போனால் உடனே சிவப்பு.

ஐந்தாம் தலைமுறையில், அதாவது பிளாக்-வைட் கேம்களில், பிஐடிக்கும் ஐவிக்கும் இடையிலான சங்கிலி இல்லை, நேச்சரும் தனி. ஆனால் பாலினமும் அபிலிட்டி என்ற சிறப்புத் திறனும் இன்னும் பிஐடியைப் பிடித்துத் தொங்குகின்றன. மாற்றினால் அவை இரண்டும் பொருந்துகின்றனவா என்று பிகேஹெக்ஸின் சரிபார்ப்பு அறிக்கையைப் படியுங்கள்.

ஆறு, ஏழு: இங்கேதான் நிம்மதி. எக்ஸ்-ஒய்யிலிருந்து அல்ட்ரா சன்-மூன் வரை, காட்டுப் போகிமானுக்கும் முட்டைக்கும் இசி, பிஐடி, ஐவி மூன்றும் தனித்தனி. பிஐடி முதல் தாவலில் இருக்கும், இசி டிரைனர் விவரங்கள் இருக்கும் தாவலில், இரண்டுக்கும் பக்கத்திலேயே ரீரோல் பட்டன். இரண்டையும் மாற்றுங்கள், ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு விடாதீர்கள். ஷைனியாக இருந்தால் பிஐடி மாறியதும் ஷைனி போயிருக்கும், அந்த இடத்தில் ஷைனியாக்கும் பட்டனைப் பயன்படுத்துங்கள். இரண்டு முழு ஷைனி கிடைத்ததாகக் காட்டுவது உங்கள் மனசாட்சிக்குச் சரியா என்பது வேறு கேள்வி. நான் அந்த இடத்தில் ஷைனி இல்லாததாகவே விட்டுவிடுவேன், 4,096-இல் ஒன்றை ஒரு கிளிக்கில் பெற்றால் அதைப் பார்க்கும்போதெல்லாம் உறுத்தும். ஐவியையும் கொஞ்சம் மாற்றுவது நல்லது, இல்லையென்றால் ஆறு ஐவியும் அப்படியே ஒத்திருப்பது கண்ணை உறுத்தும்.

கேம்பாய் கேம்களை த்ரீடிஎஸ்ஸில் விளையாடிப் போகிமான் பேங்க் வழியாக ஏற்றியவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. ஏற்றும்போது பிஐடி, இசி, ஐவி எல்லாம் புதிதாகவே எழுதப்படும், நேச்சர்கூட அனுபவப் புள்ளியை 25-ஆல் வகுத்து வரும் மீதியிலிருந்து வரும். கோல்டில் நகலெடுத்த இரண்டு போகிமானைத் தனித்தனியாக ஏற்றினால் மேலே வந்து சேருபவை இரண்டு வெவ்வேறு போகிமான்கள். சரிசெய்ய ஒன்றுமே இல்லை.

எட்டாம் தலைமுறையில் மறுபடி சங்கிலி திரும்பி வருகிறது, அதுவும் முன்பைவிட இறுக்கமாக. ஸ்வோர்ட்-ஷீல்டில் பலர் சேர்ந்து ஒரு போகிமானை எதிர்க்கும் மேக்ஸ் ரெய்டில் ஒரே விதை எண்ணிலிருந்துதான் இசி, பிஐடி, ஐவி எல்லாம் வரிசையாகப் பிறக்கும். தரையில் நடமாடிக் கண்ணுக்குத் தெரிகிற போகிமானுக்கும் அதே மாதிரிக் கணக்கு உண்டு. லெஜண்ட்ஸ் ஆர்சியஸில் உயரம், எடை வரை விதையிலிருந்து வரும். இவற்றில் ஒற்றை எண்ணை ரீரோல் செய்தால் சிவப்புதான். முட்டையில் பிறந்தவை விதிவிலக்கு.

ஸ்கார்லெட்-வயலெட்டில் டெரா ரெய்டுக்கு விதை உண்டு, ரெய்டில் பிடித்ததைத் தொட வேண்டாம். மைதானத்தில் பிடித்தவையும் முட்டையும் சுதந்திரமானவை, ஆறாம் தலைமுறைக்குச் சொன்னதே இங்கும்.

இசியை மாற்றும்போது இனத்தைக் கவனியுங்கள். சில போகிமானின் உருவமே இசியில் இருக்கிறது. வர்ம்பிள் எந்தக் கூடாக மாறும் என்பது இசியின் மேல் பாதியை 10-ஆல் வகுத்து வரும் மீதி. 0 முதல் 4 என்றால் சில்கூன், 5 முதல் 9 என்றால் காஸ்கூன். பியூட்டிஃப்ளையாக மாறிவிட்ட ஒன்றுக்கு ரீரோல் போட்டு மீதி 7 வந்தால், டஸ்டாக்ஸாக வேண்டியது பட்டாம்பூச்சியாக நிற்கும், அறிக்கை சும்மா இருக்காது. மூன்று எலி இருக்கும் மாஸ்ஹோல்டும், மூன்று கணு இருக்கும் டுடன்ஸ்பார்ஸும் இசியை 100-ஆல் வகுத்து மீதி 0 வந்தால் மட்டுமே வரும். நூற்றில் ஒன்று அதனால்தான். ஸ்பிண்டாவின் புள்ளியும் ஆறாம் தலைமுறையிலிருந்து இசிக்கு மாறிவிட்டது, புள்ளிக்காகவே ஒரு ஸ்பிண்டாவை வைத்திருந்தால் ரீரோல் அதைக் காலி செய்துவிடும்.

நிறைய இருந்தால்

ஒரே முட்டை நகல் முப்பது இருக்கிறது, ஒவ்வொன்றாகத் திறக்கப் பொறுமையில்லை என்றால், பலவற்றை ஒரே தடவையில் திருத்தும் பேட்ச் எடிட்டர். எந்த இனம், எந்த கேமில் பிறந்தது, முட்டையில் வந்ததா என்று வடிகட்டும் வரிகளை முதலில் எழுதிவிட்டு, இசிக்கும் பிஐடிக்கும் மதிப்பாக டாலர் குறியும் ‘ரேண்ட்’ என்ற சொல்லும் போட்டால் ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு எண் விழும். வடிகட்டும் வரியை மறந்தால் சேவில் இருக்கும் அத்தனைக்கும் விழும், எமரால்டு காலத்துக் கிழவர்கள் உட்பட. அதனால் அந்த முப்பதை மட்டும் தனிப் பெட்டிக்கு நகர்த்தி, அவற்றைத் தனி ஃபோல்டருக்கு எடுத்து, ஃபோல்டர் மீது மட்டும் பேட்ச் எடிட்டரை ஓட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவருவேன். கொஞ்சம் சுற்றுவழிதான், ஆனால் தப்பு நடந்தால் முப்பதோடு போகும்.

ஹோம் டிராக்கர்

இது தனிச் சங்கடம். ஹோமுக்குள் போய் வந்த பிறகு நகலெடுத்திருந்தால் இரண்டிலும் ஒரே டிராக்கர் இருக்கும், பட்டியலில் அது தனி வரியாக வரும். வேறு கேமில் பிறந்து ஹோம் வழியாக வந்த போகிமானின் டிராக்கரைப் பூஜ்யமாக்கினால், டிராக்கர் இல்லாமல் இது இங்கே எப்படி வந்தது என்ற கேள்வி எழும், சிவப்பு காட்டும். அதைக் கற்பனை எண் போட்டு நிரப்ப நினைக்கவே வேண்டாம். அந்த எண் எது என்பது ஹோமின் சர்வருக்குத்தான் தெரியும். அந்த நகலை அழியுங்கள். இந்த சேவிலேயே பிறந்து, ஹோமுக்குப் போய்த் திரும்பியது என்றால், நகலின் டிராக்கரைப் பூஜ்யமாக்கி, மேலே சொன்னபடி எண்களை மாற்றலாம், பிகேஹெக்ஸ் ஏற்றுக்கொள்ளும். ஆனால் அப்படித் திருத்தியதைத் திரும்ப ஹோமுக்கு ஏற்றுவதை நான் செய்வதில்லை. என் சேவுக்குள் எனக்காக வைத்துக்கொள்வது வேறு, அசல் என்று சொல்லி வெளியே அனுப்புவது வேறு. பிகேஹெக்ஸை எழுதியவர்களே தங்கள் அறிமுகக் குறிப்பில், விஷயம் தெரியாத ஒருவரோடு போட்டியிலோ டிரேடிலோ இப்படிப்பட்டவற்றைப் பயன்படுத்தாதீர்கள் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். 2023-இல் யோகோஹாமாவில் நடந்த உலகப் போட்டியில், மாற்றியமைத்த போகிமானைக் கொண்டுவந்ததற்காகப் பலர் தகுதியிழந்தார்கள். அதில் சிலர் அவற்றை யாரிடமோ வாங்கியதாகச் சொன்னார்கள்.

ஆறாம் படி: திரும்ப ஏற்றுவது

திருத்திய ஒவ்வொன்றையும் தனியாகத் திறந்து அறிக்கை பார்க்க வேண்டும், பிறகு மொத்தச் சோதனையை மறுபடி ஓட்ட வேண்டும், முதலில் எழுதி வைத்த பட்டியலோடு ஒப்பிட வேண்டும். இப்போது மிச்சமிருக்க வேண்டியவை ஷெடிஞ்ஜா மாதிரி இயல்பானவை மட்டும். புதிதாக ஒரு வரி முளைத்திருந்தால், எங்கோ ஷிஃப்ட் கிளிக்கில் தவறான இடத்தில் வைத்துவிட்டீர்கள். ஒரே போகிமானை இரண்டு இடத்தில் வைத்து நீங்களே ஒரு குளோனைச் செய்திருப்பீர்கள், எனக்கு நடந்திருக்கிறது.

சரியாக இருந்தால் சேவை எக்ஸ்போர்ட் செய்யுங்கள். செக்சம் கணக்கையெல்லாம் பிகேஹெக்ஸே பார்த்துக்கொள்ளும். ஃபைல் பெயரை மாற்றாமல் அதே பெயரில், எடுத்த அதே நிரல் வழியாகத் திரும்ப ஏற்றுங்கள். கேமைத் திறந்து, திருத்திய பெட்டியைப் பாருங்கள், ஒன்றை பார்ட்டிக்கு எடுத்து, கேமுக்குள்ளேயே ஒரு தடவை சேவ் செய்து, மூடித் திறந்து பாருங்கள். கேம் சேவ் கெட்டுவிட்டது என்று சொன்னால் தேதி போட்டு வைத்த காப்பியை ஏற்றுங்கள், பதற்றம் வேண்டாம். இரண்டு மூன்று நாள் அதே சேவில் விளையாடி எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று தெரியும் வரை அந்தக் காப்பியை அழிக்காதீர்கள்.

கடைசியாக அந்த டிட்டோ. ஆறு ஐவியும் 31, வேறு மொழிப் பெயர், யாரோ முன்பின் தெரியாத டிரைனர், முட்டை பொரிக்க என்று யாரோ கொடுத்தது. முட்டை பொரிக்கிறவர்களின் பெட்டியில் இப்படி ஒன்று எப்படியும் கிடக்கும். ஒரே டிட்டோவை நகலெடுத்து ஊர் முழுக்கக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள், டிரேடில் வந்ததை மறந்துவிட்டு இன்னொருவரிடமும் அதையே வாங்கியிருப்பீர்கள், அதனால்தான் உங்களிடம் இரண்டு. அது உங்களுடையதே இல்லை, அதற்கு ரீரோல் போட்டுப் புதுப் பிறவி கொடுப்பதில் அர்த்தமும் இல்லை. ஒன்றை வைத்துக்கொண்டு முட்டை பொரியுங்கள், மற்றதுக்கு ஆல்ட் கிளிக்.